எந்த மொழியில் கேட்டார்கள்?

என் பெரியவன் நான்காம் வகுப்பு படிக்கும்போது அவனுடைய ஐக்யூ 82 என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்த்தபோது 99 வந்தது. அந்த ஆறு மாதத்தில் பையனுக்கு இரண்டு பால்பல் விழுந்தது. மற்றபடி அவன் அவனாகவேதான் இருந்தான்.

நாங்கள் சிவகாசிப் பக்கம். வீட்டுக்காரர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். காலண்டர் வேலை நடக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் எங்கு பார்த்தாலும் வேஸ்ட் தாள் கிடக்கும். பெரியவன் அதில் ஒன்றை எடுத்து, முருகர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல சிவப்பு விலகியிருக்கு" என்பான். நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவன் கண்ணில் பட்டுவிடும். அதே தாளில் கீழே இருக்கும் 'டிசம்பர்' என்பதைப் படிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

ஆங்கில வழிப் பள்ளி. இரண்டு வருடம் கொரோனாவைக் காரணம் சொல்லி ஓட்டினோம். நான்காம் வகுப்பு டீச்சர்தான், "வாயால கேட்டா பதில் சொல்றான், எழுதச் சொன்னா ஒண்ணும் இல்ல, ஒரு தடவை சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க" என்றார். அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தைக்குக் கோபம். "பய நல்லாத்தான இருக்கான், எதுக்கு அங்க கூட்டிட்டுப் போற?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2022 நவம்பரில் முதல் இடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். 3,500 ரூபாய் கட்டினோம், ஒன்றேகால் மணி நேரத்தில் வெளியே அனுப்பினார்கள், அடுத்த வாரம் இரண்டு பக்க அறிக்கை வந்தது. "ஸ்லோ லேர்னர்மா. ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார்கள். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரில் வரும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் அந்த 82-ஐயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி மதுரையில் இன்னொரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போனோம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று முதலில் பார்க்கச் சொன்னதும் அந்தத் தெரிந்தவர்தான். இப்படி ஒரு பதிவு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. போர்டில் 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தால் எல்லாரும் டெஸ்ட் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் டெஸ்ட்டே இல்லை. பிரசவம் எப்படி, எப்போது தவழ்ந்தான், எப்போது பேசினான், காய்ச்சலில் வலிப்பு வந்ததா, எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று ஒரு மணி நேரம் என்னிடம்தான் கேட்டார். நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் அட்டை போட்ட நல்ல நோட்டாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தேன். "இது போர்டைப் பார்த்து எழுதினது. அவனா எழுதின ரஃப் நோட்டு இல்லையா?" என்றார். அடுத்த முறை அதைத்தான் கொண்டுபோனேன்.

பழைய அறிக்கையை வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த மொழியில கேட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பையன்தான் சொன்னான், "இங்கிலீஷ்ல."

அவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவனுக்கு எடுத்தது மாலின் தேர்வு. அமெரிக்காவின் வெக்ஸ்லர் அறிவுத்திறன் தேர்வை நாக்பூரில் இருந்த ஆர்தர் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி 1969-ல் கொண்டுவந்தது. அதில் இரண்டு பாதி. ஒரு பாதி வாயால் பதில் சொல்வது: பொது அறிவு, சொல்லுக்குப் பொருள், இரண்டு பொருளுக்குள் ஒற்றுமை, மனக்கணக்கு, எண்களைத் திருப்பிச் சொல்வது. இன்னொரு பாதி கையால் செய்வது: படத்தில் விடுபட்டதைக் காட்டுவது, கட்டைகளை அடுக்கி வடிவம் கொண்டுவருவது, புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பது. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு.

என் பையனுக்கு வாய்ப்பாதியில் 62. கைப்பாதியில் 102. கூட்டி இரண்டால் வகுத்தால் 82.

"மதுரை வெயிலையும் கொடைக்கானல் குளிரையும் கூட்டி ரெண்டால வகுத்தா வர்ற நம்பர்ல எந்த ஊரும் இருக்காதும்மா" என்றார். (வீட்டில் வந்து சொன்னபோது, "ஏன், வத்தலக்குண்டு இருக்குமே" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு நான் சிரிக்கும் நிலையில் இல்லை.) நாற்பது புள்ளி இடைவெளி இருந்தால் அது ஏன் என்று பார்த்திருக்க வேண்டும், சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

மொழி என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம்: வாய்ப்பாதியில், கிணறும் ஆறும் எந்த வகையில் ஒன்று என்று கேட்பது மாதிரி. இது நானே சொல்வது, அசல் கேள்வி இல்லை. அசல் கேள்விகளை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொன்னால் அடுத்த பிள்ளைக்கு டெஸ்ட் வீணாகிவிடும். இதைத் தமிழில் கேட்டால் என் பையன், "ரெண்டுலயும் தண்ணி எடுக்கலாம்" என்று சட்டென்று சொல்வான். ஆங்கிலத்தில் கேட்டால் 'அலைக்' (ஒரே மாதிரி) என்றால் என்ன என்று முழித்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடம் ஆங்கில வழிதான். ஆனால் அவன் யோசிப்பதும் சண்டை போடுவதும் தூக்கத்தில் உளறுவதும் தமிழில்தான்.

அந்த 82 வெறும் மனவருத்தமாக மட்டும் இருந்திருந்தால் விட்டுத் தொலைத்திருக்கலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, அதாவது அறிவு நன்றாக இருந்தும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் திணறுவது. மதுரைக்காரர் சந்தேகப்பட்டது அதைத்தான். அதற்குச் சான்றிதழ் கொடுக்க 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, குழந்தைக்கு எட்டு வயதாகியிருக்க வேண்டும், ஐக்யூ 85-க்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம்தான் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தேர்வுகளே. அதாவது அந்த அறிக்கையோடு போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். (நாங்கள் போனது அந்த விதிகள் இருந்த காலத்தில். 2024-ல் திருத்திய வழிகாட்டுதல் வந்திருக்கிறது, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

உடனே மறுபடி எடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். அதே கட்டைகள், அதே படங்கள், பழகிய கை வேகமாகப் போகும், மதிப்பெண் பொய்யாக ஏறும். குறைந்தது ஆறு மாதம் போகட்டும், அதற்குள் காதையும் கண்ணையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். காது டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குச் சின்ன பவரில் கண்ணாடி. ஆஹா, இதுதான் காரணம் என்று அத்தை ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். கண்ணாடி போட்டும் வாசிப்பு நகரவில்லை.

2023 மே. லீவில் இரண்டு காலை வேளைகள். சாப்பிட வைத்துக் கூட்டிவாருங்கள், ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள், பரீட்சை என்று சொல்லாதீர்கள் என்பது கட்டளை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கட்டைகள் மேசையில் உரசும் சத்தம், நடுவில் ஸ்டாப்வாட்ச் சத்தம். முதல் நாள் வெளியே வந்தவன் சொன்னது: "அம்மா, அவங்க ஒரு தடவைகூட தப்புன்னு சொல்லல."

சரி என்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டாம் நாள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தேர்வுகள். அதில் 8 முதல் 12 வயது வரைக்கான பகுதி. வாசிப்பது, சொல்வதை எழுதுவது, கணக்கு, வடிவங்களைப் பார்த்து வரைவது, கவனம், ஞாபகம். முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு, அவனுடைய தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இது தேர்வில் சேராது, நான் பார்க்க வேண்டும் என்பதற்காக.

'சேவல் கொண்டை' என்று இருந்தது. 'செவல்' என்றான். அடுத்த சொல்லில் முன்னால் இருக்கும் கொம்பில் விரலை வைத்து அப்படியே நின்றான். கொம்பைப் பார்க்கிறான், க-வைப் பார்க்கிறான், பின்னால் கால் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக்கி 'கொ' என்று சொல்வதற்குள் கொம்பு எதற்கு என்பது மறந்துபோகிறது. 'கெ... கெண்டை' என்றான். படத்தில் சேவல் தலையில் கொண்டை சிவப்பாகத் தெரிகிறது. அவனே, "இல்ல இல்ல, கொண்டை" என்று திருத்திக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக இதற்குத்தான் அடித்திருக்கிறேன்.

அறிக்கையை விளக்க அவர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். வாய்ப்பாதி 93, கைப்பாதி 105. வாய்ப்பாதியைத் தமிழில் கேட்டதாக அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அவர் அதிகம் பேசியது 99-ஐப் பற்றி இல்லை, எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியைப் பற்றி. நேராக நான்கு எண் வரை சொன்னான், பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் இரண்டோடு நின்றான். "கடைக்கு மூணு சாமான் சொல்லி அனுப்பினா?" என்றார். ஒன்றோடு வருவான். பராக்குப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சான்றிதழ் தனிக்கதை. தனியார் அறிக்கை வழிகாட்டத்தான், சான்றிதழ் அரசு மருத்துவமனையில்தான். குழந்தை மருத்துவர், மனநலப் பிரிவு, அங்கேயே சில தேர்வுகள் மறுபடி. மூன்று நடை. கட்டணம் கிடையாது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம், ஆதார், போட்டோ, ரஃப் நோட்டு ஜெராக்ஸ் எல்லாம் முதல் நடையிலேயே கொண்டுபோயிருந்தால் ஒரு நடை மிச்சம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள் என்றார்கள். பொதுத்தேர்வு வரும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றை இதை வைத்துத்தான் கேட்க முடியும்.

சான்றிதழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. அதற்கு வாரம் மூன்று நாள் சிறப்பு ஆசிரியர், ரவையில் விரலால் எழுதுவது, எழுத்துகளைப் பிரித்துக் கூட்டுவது என்று இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. இப்போது ஏழாம் வகுப்பு. மெதுவாகத்தான் வாசிக்கிறான். தங்கை முன்னால் வாசிக்க மாட்டான்.

சான்றிதழ் வாங்கிச் சில மாதம் கழித்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தபாலில் வந்தது. அத்தை அதைச் சாமி படத்துக்குக் கீழே வைக்கலாமா, பீரோவில் ஒளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பையன் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பெயரை வாசிக்கப் போகிறான் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"அப்பா, இதுல என் மூஞ்சில சிவப்பு விலகியிருக்கு" என்றான்.

வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். விலகித்தான் இருந்தது.