அரசே வேண்டாம் என்ற மேசையில்

கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் கம்பெனிகள் குவிந்த சிலிக்கான் பள்ளத்தாக்கில் நான் பார்த்த லிபர்டேரியன் போக்கு, அதாவது அரசு எதிலும் தலையிடக் கூடாது என்ற போக்கு, யாரும் படித்துத் தேர்ந்த கொள்கை அல்ல, மதியச் சாப்பாட்டு மேசையில் ஊறிய பழக்கம். வரி என்றால் திருட்டு. யூனியன் என்றால் சோம்பேறிகளின் கூடாரம். சட்டம் போடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதத் தெரியாது. இதையெல்லாம் கோபப்பட்டுக்கூடச் சொல்லமாட்டார்கள், சொல்லிவிட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுவார்கள். சொன்னவர்கள் கெட்டவர்களும் இல்லை. வேலை போனவனுக்கு இரவோடு இரவாக வேறு கம்பெனிக்குப் பரிந்துரை அனுப்பியவர்கள். ஆளுக்கு ஆள் செய்யும் உதவியில் குறை வைக்காத இவர்களுக்கு, ஊரே சேர்ந்து செய்த உதவி மட்டும் ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் என்னைப் பல வருஷம் உறுத்தியது.

ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கே பொதுப்பணத்தில் எழுந்தது. ஒரே சில்லில் முழு மின்சுற்றையும் அடக்கிய ஐசி சிப்புகள் புதிதாக வந்தபோது அந்த விலைக்கு வாங்க ஆள் குறைவு. அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கும் மினிட்மேன் ஏவுகணைக்கும் அமெரிக்க அரசு வாங்கிக் குவித்ததால்தான் விலை இறங்கியது. 1969 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மென்லோ பார்க்குக்குப் போன முதல் ஆர்பாநெட் செய்தி (இன்றைய இணையத்தின் முன்னோடி அது) அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் போனது. கூகுளைத் தொடங்கிய இருவரின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்குப் பின்னால் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணம் இருந்தது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1872இலேயே கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவு. வேலையை விட்டுப் போகிறவரைப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டு அங்கே தடுக்க முடியாது. பழைய கம்பெனியிலிருந்து எழுந்துபோய் எதிர்த் தெருவில் புதிதாக ஒன்றைத் தொடங்கும் துணிச்சல் என்று பள்ளத்தாக்கு கொண்டாடுகிறதே, அதற்குக் காவல் நிற்பது இந்தச் சட்டம். அந்தச் சுதந்திரத்தில் கைவைத்ததோ கம்பெனிகள். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்டவை ஒருவர் ஆளை ஒருவர் வேலைக்கு அழைப்பதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தன என்று 2010இல் வழக்குப் போட்டது அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை. பிறகு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்த நான்கும் 41.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தன. சம்பளத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நடந்த ஏற்பாடு இது.

2023 மார்ச்சில், பள்ளத்தாக்கின் புதுக் கம்பெனிகள் பணம் போட்டுவைத்திருந்த சிலிக்கான் வேலி பேங்க் விழுந்த வாரக் கடைசியை அங்கிருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முண்டியடித்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த பேங்கை அரசு எடுத்துக்கொண்டது. போட்ட பணத்துக்கு அரசுக் காப்பீடு ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைதான். அங்கிருந்த பணத்தில் பெரும்பகுதி அந்த வரம்புக்கு மேலே. அரசே ஒதுங்கிப்போ என்று காலமெல்லாம் பேசிய முதலீட்டாளர்கள் அந்த இரண்டு நாளும் அரசு உடனே தலையிட வேண்டும் என்று பொதுவெளியில் குரல் கொடுத்தார்கள். ஞாயிறு மாலை மொத்தப் பணத்துக்கும் அரசு பொறுப்பேற்றது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சம்பளப் பட்டுவாடா நின்றிருந்தால் அடிபட்டிருப்பவர்கள் சாதாரண ஊழியர்கள். ஆனால் திங்கட்கிழமை மேசையில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அடுத்த வாரம் வரி மறுபடி திருட்டாகிவிட்டது.

நம்மவர்கள் இதைப் பேசும்போது எனக்குத் தாங்காது. என்னோடு வேலை செய்த அண்ணா ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவர். இலவச பஸ் பாஸில் போய்வந்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் பட்டம் வாங்கியவர். "நான் யார்கிட்டயும் கைநீட்டல தம்பி, உழைச்சு வந்தேன்" என்பார். உழைத்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டினார்கள். அவர்கள் கணக்கில் வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் எச்1பியில், அதாவது கம்பெனி வேலையை நம்பிய தற்காலிக விசாவில் இருந்தார். வேலை போனால் 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பைத் தளர்த்தச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதினார். நானும் மனமாரக் கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்து, எங்கள் கஃபேயில் சமைப்பவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும் யூனியன் அமைக்க ஆதரவு கேட்டு ஒரு தாள் கொண்டுவந்தார்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், பேட்ஜின் நிறமே வேறு. அண்ணாவிடம் நீட்டினேன். "அது அவங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள விஷயம், நாம எதுக்கு?" என்றார். முதலாளி முகம் சுளித்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரக் கூடாது என்பதைத்தானே அண்ணா உங்கள் மனுவும் கேட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக நான் கேட்பதையும் விடவில்லை.