எடின்பரோவில் முன்வரிசை

ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ராயல் மைல் தெருவைக் கடப்பதற்குள் கை நிறைய நோட்டீஸ் சேர்ந்துவிடும். கொடுப்பவர்களில் பலர் அன்று மாலை மேடையேறப் போகிறவர்களே. அப்போது இங்கே நடக்கும் ஃபிரிஞ்ச் என்ற கலைவிழா பிறந்த விதமே அப்படித்தான். 1947-இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பு இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து நடத்திய கூத்து அது. இன்றும் தேர்வுக் குழு கிடையாது. அரங்கு கிடைத்தால் யாரும் நடத்தலாம். அதனால் அபாரமும் கிடைக்கும், கொடுமையும் கிடைக்கும்.

ஒரு பப்பின் கீழறையில் நடந்த இலவச ஸ்டாண்ட் அப் நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனேன். முன்வரிசை மட்டுமே காலி. ஏன் காலி என்று இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார் மேடையில் இருந்தவர்.

"ஆடிட்டர்."

"அப்போ இலவச நிகழ்ச்சிக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை."

அறையே சிரித்தது, நானும்தான். அடுத்து வந்தவர் கிளாஸ்கோக்காரர். அவர் உச்சரிப்பில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, பக்கத்து ஜெர்மன் தம்பதிக்கும் அதே கதி. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எப்போது புருவத்தைத் தூக்குகிறார் என்று பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளூர் அரசியல் ஜோக்குகள் மட்டும் தலைக்கு மேல் போயின. போகட்டும்.

இலவசம் என்றாலும் முடிந்ததும் கலைஞர்கள் வாசலில் வாளியோடு நிற்பார்கள். அதுதான் அவர்களுக்கு வருமானம். ஐந்து பவுண்டு நோட்டைப் போட்டேன்.

"ரசீது வேண்டுமா, சார்?" என்றார்.