குறுக்குத்துறையில் குளிக்கப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி ஊருக்குள் தாமிரபரணியில் நிம்மதியாகக் குளிக்க ஓரிடம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், குறுக்குத்துறையைத்தான் சொல்வோம். டவுனில் இருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், சைக்கிளே போதும். ஆற்றுக்கு நடுவே முருகன் கோயில், கரையில் கல் மண்டபங்கள், படித்துறை. 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்து வாகன இரைச்சல் இங்கே எட்டாது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. ஆடி, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணக் கூட்டம் நெரியும், அன்றைக்குப் போகவே வேண்டாம்.

கிளம்பும் முன் அணை நிலவரம் பார்த்துவிடுங்கள். உள்ளூர் செய்தியில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் வெளியேற்றமும் தினமும் வரும். பாபநாசத்தின் உச்சம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மட்டம் உச்சத்தை நெருங்கிவிட்டால், மழை பெய்கிற அளவுக்கு உபரி நீர் அப்படியே ஆற்றுக்கு வரும். அதோடு மலை மேல் இருக்கும் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை நான்கிலும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்றும் போடுவார்கள். அங்கே கொட்டியிருந்தால், நெல்லையில் சுள்ளென்று வெயில் அடித்தாலும் நம்பக்கூடாது. மலையில் விட்ட தண்ணீர் ஊருக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். காலையில் கணுக்கால் அளவு ஓடியது சாயங்காலம் இடுப்புக்கு மேலே போவது இதனால்தான். குற்றாலத்தில் வெள்ளம் என்ற செய்தியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அந்தத் தண்ணீர் சிற்றாற்றில் வந்து, நெல்லையைத் தாண்டிச் சீவலப்பேரியில்தான் கலக்கிறது. கடனாநதியும் பச்சையாறும் ஊருக்கு மேலேயே கலப்பவை. அவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து மார்ச் வரைக்கும் தண்ணீர் தெளிந்து, அளவாக ஓடும். கார் நெல் பருவத்துக்கு அணையைத் திறந்துவிட்டால் ஜூனில் இருந்தும் நன்றாக இருக்கும், சாரல் காற்று வேறு. ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டம் மெலிந்து சாக்கடையின் பங்கு கூடிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் அடி பழைய அடியாக இருக்காது. சின்ன வயதில் இருந்து குளித்த இடமாயிற்றே என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

துறைக்கு வந்ததும் தண்ணீர் தொடும் படியில் ஒரு சிறு கல்லை வையுங்கள். எண்ணெய் தேய்த்து ஊறும் கால் மணி நேரத்தில் அந்தக் கல் நனைந்துவிட்டால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். நிறம் கலங்குவது, சருகும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) கொத்துக்கொத்தாக மிதந்து வருவது, ஓரத்தில் நுரை கட்டுவது எல்லாமே அதன் முன்னறிகுறி. உடனே கரையேறிவிடுங்கள். கோயில் பக்கம் பிள்ளைகள் போயிருந்தால் முதலில் அவர்களை அழைத்து வாருங்கள், ஏனென்றால் திரும்பி வரும் வழிதான் முதலில் மூழ்கும்.

கோயிலில், தண்ணீர் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனை மாதிரிக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தைக் கிழித்து இரண்டு பக்கமும் பிரித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. பிரிந்த தண்ணீர் பின்பக்கம் மறுபடி சேரும் இடத்தில் சுழல் இருக்கும், மணலும் இறுகாமல் கிடக்கும். மேலே அமைதியாகத் தெரிவதால் குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறார்கள். வேண்டாம். படித்துறையை ஒட்டி, கெண்டைக் குஞ்சுகள் வந்து காலைக் கொத்தும் ஓரம் இருக்கிறதே, அதுதான் பிள்ளைகளுக்கான இடம். இழுப்பு வேகமாக இருக்கும் தண்ணீரில் அந்தக் குஞ்சுகள் நிற்பதில்லை.

ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். தெளிந்த தண்ணீரில் நான்கு அடி ஆழம், மேலிருந்து பார்க்க மூன்று அடியாகத்தான் தெரியும். மணல் அள்ளிய பள்ளங்களில் ஆபத்து இன்னும் அதிகம். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே விளிம்பு மணல் சரிந்து ஆளை ஆழமான கசத்துக்குள் தள்ளிவிடும். ஒரு கம்பால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மண்டபத்தின் மேலிருந்து தலைகீழாகக் குதிக்கும் வித்தையை விட்டுவிடுங்கள், கீழே பாறை.

பாறையில் பச்சைப் பாசியை விடக் கறுத்து மினுங்கும் பாசிதான் மோசம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். எண்ணெய்க் குளியல் என்றால் உள்ளங்காலுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். சீயக்காய் போட்ட பிறகும் அங்கே வழுக்கும். வழுக்கி ஓட்டத்தில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் முதுகில் ஏறி ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டம் போகும் திசையில் நீட்டி, மெதுவாகக் கரைப்பக்கம் கையால் துழாவுங்கள்.

அடுத்தது சாக்கடை. ஊருக்குள் பல ஓடைகள் கழிவுநீரை ஆற்றில் கொண்டுவந்து விடுகின்றன. நியாயமே இல்லாத விஷயம், ஆனால் இன்றைய நிலைமை இதுதான். ஆகவே ஓடை ஆற்றில் விழும் இடத்துக்கு மேற்புறமே குளிக்க வேண்டும், அதன் கீழ்ப்புறம் இறங்கவே கூடாது. காலால் அடிமண்ணைக் கிளறிப் பாருங்கள். கறுப்புச் சேறு கிளம்பி நாறினால் அந்த இடம் ஆகாது. கோடைக்குப் பின் வரும் முதல் மழை தெருக் குப்பை மொத்தத்தையும் ஆற்றுக்குக் கொண்டுவரும், அதன்பின் சில நாள் தள்ளிப் போடலாம். காலில் ஆறாத புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக ஏறும். உடைந்த பாட்டிலுக்கும் பரிகாரம் என்று விட்டுப்போன துணிக்கும் பஞ்சமில்லை. ஊறிய பழஞ்சேலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். மணல் பகுதியில் பின்பட்டி வைத்த செருப்போடு நடங்கள்.

குளிக்காமல் உட்கார்ந்திருக்கவும் இந்த இடம் தோதுதான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழே நீட்டிக் குறி பார்த்து, செங்குத்தாக விழும். பத்து முறை விழுந்தால் சில முறைதான் மீன். பைனாகுலர் இல்லாமலே மண்டபத் திண்ணையில் இருந்து நன்றாகத் தெரியும்.

பையில் மாற்றுத்துணி, குடிதண்ணீர், பதினைந்து மீட்டர் நைலான் கயிறு இருக்கட்டும். கயிற்றின் ஒரு முனையில் மூடி இறுக்கிய காலி பாட்டிலைக் கட்டி வையுங்கள். யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காமல் அதைத் தலைக்கு அப்பால் படும்படி வீசுங்கள். கயிறு இல்லையென்றால் வேட்டியை முறுக்கி நீட்டலாம். துவைக்க வந்த அம்மாக்களிடமோ தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடமோ, “அண்ணாச்சி, இன்னைக்கு எங்க ஆழம்?” என்று இறங்கும் முன்பே கேட்டுவிடுவது உத்தமம். நேற்று எந்த இடத்தில் மணல் சரிந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.