ஒரு பாஸ்வேர்டுக்காக மூன்று தடவை பாலக்காடு

பழைய கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்துக்கு வந்து சேரப் பத்து வாரம் ஆனது. எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இருக்கிற யாராவது ஒருத்தருக்கு ஒரு பஸ் டிக்கெட் மிச்சமானால் சரி.

எந்த வளாகம் என்று சொல்லப் போவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் ஜன்னலைப் பிய்க்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டடங்களின் ஏசி, பம்பு, மீட்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்த்து ஓட்டுகிற பிஎம்எஸ் என் பொறுப்பு. வீட்டில் கேட்டால் "ஏசி மெக்கானிக்" என்பார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது.

வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை நூலகக் கட்டடம் மொத்தமும் திரையில் சாம்பல் நிறம். அந்தக் கட்டடத்தை மொத்தமாகக் கவனிக்கிற மேற்பார்வை கன்ட்ரோலர் செத்துவிட்டது. கீழே பேனல்களில் இருந்த டிடிசிகள், அதாவது ஒவ்வொரு மெஷினையும் ஓட்டுகிற சின்னக் கன்ட்ரோலர்கள், தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ராத்திரி ஒன்பதுக்கு நிறுத்து, காலை ஏழரைக்கு ஓட்டு என்கிற டைம் டேபிள் செத்த பெட்டிக்குள் இருந்தது. குளிர்காற்றை ஊதுகிற ஒன்பது ஏஎச்யூவும் ராப்பகலாக ஓட ஆரம்பித்தன. அன்றைக்கிருந்து எங்கள் ஆபரேட்டர் அண்ணன் தினமும் ராத்திரி டார்ச்சோடு நாலு மாடி ஏறி, செலக்டர் சுவிட்சை ஒவ்வொன்றாக ஆஃபில் வைத்துவிட்டு வருவார். காலையில் மறுபடி ஏறுவார். பத்து வாரமும் அவர் முழங்கால்தான் எங்கள் ஆட்டோமேஷன்.

மூன்று கொட்டேஷன், கம்பாரிட்டிவ் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. பிறகு கோப்பு ஸ்டோர்ஸ் பிரிவுக்குப் போனது. அங்கே இருக்கிற கிளார்க் நல்ல மனிதர், டீ வாங்கித் தருவார், கையெழுத்து மட்டும் போட மாட்டார்.

"கன்ட்ரோலருன்னு ஒரு வரி. லைசென்சுன்னு இன்னொரு வரி. எதுக்குங்க லைசென்சு, அது என்ன வண்டிங்களா?"

இந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு உரிமம், அந்தந்தப் பெட்டியின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது, பழையதை எடுத்து இதில் போட முடியாது என்று விளக்கினேன். விளக்கியதுதான் தப்பு. "மென்பொருளா? அப்ப அது கம்ப்யூட்டர் கமிட்டிக்குப் போகோணுமுங்க" என்று கோப்பை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். கமிட்டி மாதம் ஒரு தடவைதான் கூடும். கூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வரி, ஒரு மாதம். கொட்டேஷன் வாங்கும்போதே "லைசென்ஸ் உட்பட கன்ட்ரோலர்" என்று ஒரே வரியாகப் போட்டுத் தரச் சொல்லிவிடுங்கள். விலை ஒன்றுதான்.

அந்த மாதத்தை வீணாக்க வேண்டாம் என்று பேக்கப்பைத் தேடினேன். பெட்டி வந்தாலும் உள்ளே போட புரோகிராம் வேண்டுமே. எங்களிடம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் வேலையை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர் ஃபைனல் பில் வாங்கிய நாளோடு சரி. கம்ப்ளீஷன் கோப்பில் வரைபடம் இருந்தது, வாரண்டி கார்டு இருந்தது, ரிப்பன் வெட்டிய போட்டோ கூட இருந்தது. பேக்கப்பும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அவர்கள் ஆபீஸ் பாலக்காட்டில். போன் போட்டால், "ஃபைல் உண்டு சார். மெயிலில் தர மாட்டோம். லெட்டரோட நேரில் வாங்க" என்றார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. கேட்டவனுக்கெல்லாம் மெயிலில் அனுப்பியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

முதல் தடவை. பொள்ளாச்சியில் காலை பஸ் ஏறினேன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. கோபாலபுரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். "இன்னிக்கு அந்தப் பக்கம் ஹர்த்தாலுங்க. ஏறும்போதே சொன்னேனே." எல்லைக்கு அந்தப் புறம் ரோடு வெறிச்சென்று கிடந்தது, ஒரு நாய் நடு ரோட்டில் படுத்திருந்தது. இந்தப் புறம் டீக்கடையில் ஒரு பருப்பு வடை தின்றுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். கேரளாவில் வேலை இருந்தால் முந்தின நாள் ராத்திரி மலையாளச் செய்தி ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் படுங்கள்.

இரண்டாம் தடவை. ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆபீஸையும் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே இருந்த பையன் லெட்டரை வாங்கிப் படித்தான், திருப்பிப் பார்த்தான். "ஸாரே, ரெஜிஸ்ட்ராரோட ஒப்பு வேணும்" என்றான்.

"ஒப்புதல்தானே தம்பி? அதான் இருக்கே. நோட்ல அப்ரூவல் ஆயிடுச்சு, அதோட நம்பரும் லெட்டர்லயே போட்டிருக்கு பாருங்க."

"அதில்ல ஸாரே. ஒப்பு. ஒப்பு இல்ல."

"தம்பி, ஒப்புதல் இல்லாம நான் எப்படி இவ்வளவு தூரம் வருவேன்?"

ஐந்து நிமிடம் இப்படியே போனது. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கடைசியில் அவன் பேனாவை எடுத்து, காற்றில் ஒரு கிறுக்குக் கிறுக்கிக் காட்டினான். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. இருபது வருஷமாக எல்லையில் குடியிருக்கிறேன், அந்த நிமிடத்தில் மண்டையில் ஏறவில்லை. விஷயம் என்னவென்றால், எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த வேலை ஆணை பதிவாளர் பெயரில் போயிருக்கிறது. என் லெட்டரில் கையெழுத்து எஸ்டேட் ஆபீசருடையது. ஆணை யார் பெயரிலோ அவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்கிறான். அவன் சொன்னது நியாயம். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன், அவன் எனக்கு ஒரு சுலைமானி, பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்தான்.

மூன்றாம் தடவை, பதிவாளர் கையெழுத்து, முத்திரை, கூடவே பழைய வேலை ஆணையின் ஜெராக்ஸ். பத்து நிமிடத்தில் பென்டிரைவும், ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டும் கையில். சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். கம்பெனி பெயர், பின்னால் 123.

பொள்ளாச்சி வரும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சிரிப்பு ராத்திரி நின்றது. பேக்கப்பைத் திறந்தால் ஏழு ஏஎச்யூதான் இருக்கிறது. நாலாவது மாடியில் பிறகு சேர்த்த இரண்டும் அதில் இல்லை. அந்த இரண்டையும் பேனல் பேனலாக வயரைப் பின்தொடர்ந்து, பாயின்ட் பாயின்டாகக் கையால் கட்டினேன். பேக்கப் வாங்கும்போது தேதியைப் பாருங்கள், அங்கேயே லேப்டாப்பில் திறந்தும் பாருங்கள்.

புதுப்பெட்டி வந்ததும் ஐடி பிரிவு. எங்கள் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற பொது மொழி பாக்நெட். அது நெட்வொர்க்கில் யூடிபி 47808 போர்ட்டில் பேசும். (அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் பிஏசி0 என்று வரும். 1995இல் இந்தத் தரத்தை வெளியிட்டவர்கள் கொஞ்சம் குறும்புக்காரர்கள்.) போர்ட் திறக்க ஒரு படிவம், அதில் 'மேக் அட்ரஸ்' என்று ஒரு கட்டம். என் ஜூனியர் அதில் "12" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். டிடிசிகளை இணைக்கிற எங்கள் ஃபீல்டு பஸ் கேபிளில் மேக் அட்ரஸ் என்றால் 0 முதல் 127 வரை ஓர் எண், டிப் சுவிட்சில் வைப்பது. ஐடிக்காரர்களுக்கு அது பன்னிரண்டு இலக்க ஈதர்நெட் முகவரி. படிவம் 'முழுமையற்றது' என்று திரும்பி வந்தது. ஜூனியர் யோசித்து "012" என்று திருத்திக் கொடுத்தான். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை நானே நேரில் போனேன். போனதும் நல்லதாகப் போயிற்று. பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் பொதுவாகப் போகிற செய்தி, ரவுட்டரைத் தாண்டாது, தாண்ட விடவும் மாட்டோம் என்றார்கள். விட வேண்டாம், எங்கள் பெட்டியிலேயே அந்தச் செய்தியைக் கடத்திவிடுகிற பிபிஎம்டி வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேரடியாக அனுப்பிக்கொள்கிறோம், அந்த ஒரு முகவரிக்கு வழி விட்டால் போதும் என்றேன். அரை மணியில் முடிந்தது. படிவத்தை நம்பியிருந்தால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாட்டிய அன்று பதினொரு டிடிசியில் எட்டு ஒழுங்காக வந்தன. மூன்று வருவதும் போவதுமாக இருந்தன. இங்கேதான் எனக்கு உயிர் வந்தது. பேப்பர் வேலை முடிந்து, இனி வயர் வேலை.

அந்த ஃபீல்டு பஸ் ஓடுகிற ஆர்எஸ்-485 கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. பவரை எல்லாம் அணைத்துவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஏறத்தாழ 60 காட்ட வேண்டும். 40 காட்டியது. 120ஐ மூன்றால் வகுத்தால் 40. அப்படியானால் எங்கோ நடுவில் மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. பேனல் பேனலாகத் திறந்தோம். நாலாவது மாடியில், முன்பு கேபிள் முடிந்த பழைய பேனலில், டெர்மினலுக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடுகளுக்கு நடுவே இருந்தது. கேபிளை நீட்டினவர் புது முனையில் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார், சரி. பழைய முனையில் இருந்ததைக் கழற்ற மறந்து, அதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கிள்ளி எடுத்தேன். மீட்டரில் 61. பதினொன்றும் பச்சை. ஆபரேட்டர் அண்ணன் அந்தச் சின்ன ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா நான் மாடி ஏறுனேன்?" என்றார். இதற்கில்லை அண்ணா, இடிக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லரிலிருந்து வரும் குளிர்நீர்க் குழாயில் மாட்டியிருக்கிற டயல் தெர்மாமீட்டர் கண்ணில் பட்டது. அதில் ஐந்தரை டிகிரி. திரையில் ஏழு. டயல் பழசு, தப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். "சில்லர்ல ஏழு வெச்சா ஸ்க்ரீன்ல எட்டரை காட்டுதுங்க. அதனால அஞ்சரைக்கு எறக்கி வெச்சுட்டோம். அப்பத்தான் ஏழு வருது. ரொம்ப வருசமா அப்படித்தான்."

சென்சார் வயரைக் கழற்றி அளந்தேன். சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர், வெப்பத்துக்கு ஏற்ப ஓம் அளவு மாறுவது. பத்தாயிரம் ஓம் தெர்மிஸ்டரில் இரண்டு ஜாதி உண்டு, டைப் 2, டைப் 3. 25 டிகிரியில் இரண்டும் சரியாகப் பத்தாயிரம் காட்டும். குளிரக் குளிர விலகும். சுழி டிகிரியில் ஒன்று 32,650, மற்றது 29,490. எங்கள் குழாயில் இருப்பது டைப் 3. புரோகிராமில் தேர்ந்தெடுத்திருந்தது டைப் 2. அறை வெப்பத்தில் வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும், சான்றிதழிலும் 25 டிகிரி அளவுதான் எழுதியிருக்கிறது. ஏழு டிகிரித் தண்ணீரில் அது எட்டரைப் பக்கம் காட்டும். அதைச் சரிக்கட்ட சில்லரை வருஷக்கணக்காக ஒன்றரை டிகிரி கூடுதலாகக் குளிர வைத்திருக்கிறோம். டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதக் கரண்ட் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. நூலகத்தில் பிள்ளைகள் சித்திரை வெயிலிலும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு படித்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

திருத்தம், கீழிறங்கும் பட்டியலில் ஒரு கிளிக். அன்றைக்கு மத்தியானம் சில்லரை ஏழுக்கு ஏற்றினோம். திரையில் ஏழு, டயலிலும் ஏழு. பழைய சென்சார் உள்ளவர்கள் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு தடவை முக்கிப் பாருங்கள். 25இல் பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

அடுத்து ஹாஸ்டல் பிளாக்குக்கு டெண்டர் வருகிறது. "ஃபைனல் பில்லுக்கு முன் முழு பேக்கப், அனைத்து பாஸ்வேர்டுகள், முனை ரெசிஸ்டர்கள் இருக்கும் இடம் காட்டும் வரைபடம் ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று ஒரு பிரிவு எழுதி, விலைப் பட்டியலிலும் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பினேன். நேற்று ஸ்டோர்ஸ் கிளார்க் கூப்பிட்டார், டீ வாங்கிக் கொடுத்தார்.

"எல்லாம் சரிங்க. பாஸ்வேர்டுக்கு ஜிஎஸ்டி எச்எஸ்என் கோடு என்னன்னு போடலீங்களே?"

கோப்பு இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.