ஸ்ட்ரைக்கர் சத்தம் கடைசியில் பிடிபட்டது: காசிமேடு கேரம் ஆவணப்படத்துக்கான முன்தயாரிப்பு

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கேரம் காய்களை அடிக்கும் ஸ்ட்ரைக்கரின் சத்தமும் அடித்தவனுடைய முணுமுணுப்பும் ஒரே பதிவில் சுத்தமாக வந்து சேர்ந்தன. இது நான்காவது முயற்சி. ஹெட்ஃபோனைக் கழற்றி, மன்றத்தில் கேரம் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "காய் குழியில விழுறதுகூடத் தனியா கேக்குதுப்பா" என்றார். இந்தச் சத்தத்துக்காகத்தான் ஆறு வாரமாகப் படப்பிடிப்புத் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

படம் பன்னிரண்டு நிமிடம். வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன இளைஞர் மன்றத்தைப் பற்றியது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நான்கு கேரம் போர்டு, கீழே ஓர் அறையில் பத்தாம் வகுப்பு டியூஷன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திறந்தால் ஒன்பதரைக்குத்தான் பூட்டுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐஸ் உடைக்கவும் மீன் கூடை தூக்கவும் போய்விட்ட பையன்களை மாஸ்டர் தெருத்தெருவாகத் தேடிப் போய்க் கூப்பிடுகிறார். "படிக்க வாடா" என்றால் ஒருத்தனும் வரமாட்டான். "ஒரு போர்டு ஆடலாம் வா" என்றால் வருவான். இரண்டு மூன்று மாதம் மாடியில் ஆடிய பிறகு அவர்களில் சிலர் கீழே இறங்கி டியூஷனில் உட்காருகிறார்கள். மாடியிலிருந்து கீழே போகிற அந்தப் பதினாலு படிதான் என் படம்.

ஏன் கேரம் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் பட்டம் வென்று, 1996-இல் அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் பெயரைச் சொல்லாமல் மாஸ்டர் ஒரு நாள் பயிற்சியைத் தொடங்குவதில்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988-இல் சென்னையில் வைத்துத்தான் தொடங்கப்பட்டது. அப்புறம் 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் படம் வந்த செய்தித்தாள் பக்கம் மன்றத்துச் சுவரில் பசை காய்ந்து ஓரம் சுருண்டு நிற்கிறது. அதை ஒட்டிய பிறகுதான் பெண் பிள்ளைகளும் மாடி ஏறினார்கள் என்கிறார் மாஸ்டர். நான்காவது போர்டு இப்போது அவர்களுடையது.

சத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தப் படத்தில் முகமே இல்லை. அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு மாதம் ஆனது. வருகிற பையன்களில் இரண்டு மூன்று பேர் மேல் கேஸ் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவுப்படி அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் காட்டப் போவதில்லை. ஆனால் அவர்கள் முகத்தை மட்டும் மங்கலாக்கினால், யார் மேல் கேஸ் என்று என் படமே ஊருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் யார் முகமும் வேண்டாம், எல்லாருடைய கையும் போதும் என்று முடிவு செய்தேன். கேரம் இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் பலகையும் எட்டுக் கையும்தான் தெரியும்.

கையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒருவன் மணிக்கட்டில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். குரல் விஷயமும் இதே மாதிரிதான். கேஸ் இருப்பவர்கள் குரலை எடுக்கவே இல்லை, ஆட்டத்தின்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடங்களைத் தொகுப்பில் வெட்டிவிடுவேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். முகம் இல்லையென்றால் மிச்சமிருப்பது கையும் குரலும் அந்த அடியும்தான். ஸ்ட்ரைக்கர் 15 கிராம்தான், ஆனால் பலகையின் மரச்சட்டத்தில் பட்டால் சத்தம் அறைகிற மாதிரி வரும். அடித்தவன் அடுத்த நொடியே "ஃபாலோ இருக்குடா" (ரெட் காய்க்குப் பின்னால் போட வேண்டிய காய்) என்று வாய்க்குள் சொல்லுவான். அந்த அறைகிற சத்தமும் இந்த முணுமுணுப்பும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

முதல் தடவை ஃபோனிலேயே எடுத்தேன். ஃபோன் தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்குகிறது அல்லவா, ஒவ்வொரு அடிக்கும் அளவைச் சட்டென்று இறக்கிவிட்டது. அது மறுபடி மேலே ஏறுவதற்குள் பையன் பேசி முடித்துவிடுகிறான். நாற்பது நிமிடப் பதிவில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

இரண்டாவது தடவை சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக். பையன் குனிந்து குறி பார்க்கும்போதெல்லாம் மைக் சட்டையில் உரசியது. அடி வரும்போது அளவு எல்லை மீறிச் சத்தம் சிதைந்தது. அளவைக் குறைத்தால் மின்விசிறி இரைச்சலுக்குள் குரல் மூழ்கிவிட்டது. மூன்றாவது தடவை ஒரு திசைச் சத்தத்தை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கைக் கழியில் கட்டிப் பலகைக்கு மேலே பிடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பட்டுத் திரும்பிய எதிரொலி குரலைவிடக் கனமாக இருந்தது. போதாக்குறைக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்.

மூன்றாவது தடவை வீட்டுக்கு வந்து கேட்டபோது படத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. அப்புறம் ஒன்று புரிந்தது. குரலுக்கும் அடிக்கும் ஒரே மைக் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததுதான் தப்பு. அடியை மரத்துக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும்.

மின்னணுச் சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில், அதிர்வை மின்சைகையாக மாற்றும் வட்டமான பித்தளை பீசோ தகடு நான்கு வாங்கினேன். ஒன்று பத்து பதினைந்து ரூபாய்தான். ஷீல்டு வயரைப் பற்றவைத்துப் பலகையின் அடிப்பக்கம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். ரெக்கார்டரில் நேரடியாகச் செருகினால் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது போல் ஒல்லியாக இருந்தது. பீசோவின் மின்தடை மிக அதிகம், மைக் உள்ளீடு அதற்கு ஒத்துவராது. கானா கச்சேரியில் கிடார் வாசிக்கிற நண்பரிடம் இப்படிப்பட்ட சைகையை மைக் உள்ளீட்டுக்கு ஒத்துப்போக வைக்கும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று இருந்தது. அதை நடுவில் போட்டவுடன் அடிக்குரல் திரும்பி வந்தது. பலகையின் வயிற்றுக்குள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

எங்கே ஒட்டுவது என்பதில் ஒரு முழு சாயங்காலம் போனது. நடுவில் ஒட்டினால் தவில் மாதிரி அதிர்கிறது. ஆடுகிறவனுக்கு முன்னால் ஒட்டினால் முழங்கை தேய்வதுதான் பெரிதாகக் கேட்கிறது. கடைசியில் மூலைக் குழியிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒட்டினேன். அடியும் சரியாக இருந்தது, காய் வலைக்குள் விழும் 'தொப்'பும் கிடைத்தது. பலகை நிற்கும் இரும்பு ஸ்டூல் கிறீச்சிட்டது, கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்ததும் அடங்கிவிட்டது.

குரலுக்கு வந்த யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. ஆடுகிறவன் எப்போதும் விளக்கை நோக்கித்தான் குனிகிறான். ஆகவே சட்டை மைக்கைக் கழற்றி, பலகைக்கு மேலே தொங்கும் விளக்குத் தொப்பியின் விளிம்பில் ஒட்டிவிட்டேன். பேசும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஒன்றரை அடிதான் இருக்கும், துணி உரசலும் இல்லை. எல்இடி பல்பின் சர்க்யூட் மட்டும் மைக்கில் ரீங்காரமிட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய 60 வாட் குண்டு பல்பைப் போட்டோம். ரீங்காரம் போனது, கேமராவில் தெரிந்த மினுமினுப்பும் சேர்ந்தே போனது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-இல் வைத்து எப்படியோ சமாளித்து வந்தேன், இனி அந்தக் கவலையும் குறைவு. மஞ்சள் வெளிச்சத்தில் போரிக் பவுடர் தூசி பறப்பது அவ்வளவு அழகு.

இரண்டு தடத்தையும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் எடுத்தேன். அளவு எகிறினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். மைக்கே திணறினால் அது காப்பாற்றாது, அது வேறு. வடபழனியில் ஒரு வாடகைக் கடையில் நாளுக்கு 600 ரூபாய் கேட்டார்கள். வேறொரு கடையில் 450-க்கு எடுத்தேன், ஆனால் பேட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே மெமரி கார்டைப் போட்டு ஐந்து நிமிடம் பதிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒரு நாள் வாடகையை அப்படித்தான் இழந்தேன். குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, தங்கசாலைப் பக்கம் ஒரு பழைய மின்சாதனக் கடையில் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் முடியாதது சம்மதக் கடிதங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த எல்லாருக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கடிதத்தை ஒரே பக்கத்தில், வீட்டில் பேசுகிற தமிழில் எழுதியிருக்கிறேன். எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைத்தான் முதல் வரியாக வைத்தேன். அம்மாக்கள் படித்துப் பார்த்துவிட்டு, "அவங்க அப்பா கடலுக்குப் போயிருக்கார் தம்பி, வந்தாத்தான்" என்கிறார்கள். விசைப்படகில் போனால் திரும்ப நாள் கணக்காகும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு ஊரில் இருப்பார்கள். அப்போது நிதானமாக உட்கார்ந்து பேசி வாங்கலாம். அவர்களில் சிலர் மகன் ஆடுவதை ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. மாடிக்குக் கூப்பிட்டு ஒரு போர்டு ஆடவைக்க வேண்டும் என்று மாஸ்டர் துடிக்கிறார். கடலில் உழைத்த கையும் மகனுடைய கையும் ஒரே விளக்குக்குக் கீழே வந்தால் எனக்கு வேறு எந்தக் காட்சியும் தேவையில்லை.

அதனால் படப்பிடிப்பு ஏப்ரல் கடைசி வாரம். கத்திரி தொடங்கிவிட்டால் விசிறியை நிறுத்திவிட்டு அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைப்பது பாவம். ராத்திரி எட்டு மணிக்கு மேல், பத்து நிமிடம் எடுத்தால் பத்து நிமிடம் விசிறி என்று மாஸ்டரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.

இது முடிவதற்குள்ளேயே அடுத்த யோசனை ஒன்று தலைக்குள் ஓடுகிறது. நான்காவது போர்டில் ஆடும் பெண் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தனியாக ஐந்து நிமிடம். எட்டாவது படிக்கும் ஒருத்தி ரெட் காயைக் குறி பார்ப்பதற்கு முன் ஸ்ட்ரைக்கரை இரண்டு தடவை மெதுவாக ஊதுகிறாள். விளக்கில் மாட்டிய மைக்கில் அந்த ஊதல் அப்படியே விழுந்திருக்கிறது. அவள் அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை மாஸ்டரோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பதிவையும் ஹெட்ஃபோனையும் கையோடு எடுத்துப் போய், மகள் ஆடும் சத்தத்தை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.