முதலில் ஆக்சிஜன், மற்றதெல்லாம் பிறகு

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கத்திலிருந்து முதன்முறை கடல் ஆய்வுக் கப்பல் ஏறப்போகும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது குமட்டலைப் பற்றித்தான். டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்; வாந்தி தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறாக இருக்கக் கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் உப்பு நார்த்தங்காய் ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

நிஜமாகக் கவலைப்பட வேண்டியது, ரோசெட் டெக்குக்கு வந்ததும் வரும் முதல் 20 நிமிடத்தைப் பற்றி.

வட்டமான சட்டத்தில், ஆழத்தில் தண்ணீர் பிடித்து மூடிக்கொள்ளும் நிஸ்கின் பாட்டில் 12 அல்லது 24, அடியில் வெப்பமும் உப்பும் ஆழமும் அளக்கும் சிடிடி கருவி. இதுதான் ரோசெட். இறக்குமுன் ஒவ்வொரு பாட்டிலிலும் மேலே காற்றுத் திருகும் கீழே குழாயும் மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். மூடியைத் திறந்து பிடித்திருக்கும் நைலான் கயிறு பக்கத்துப் பாட்டிலோடு பின்னிக்கொண்டால், அந்த ஆழத்தின் தண்ணீர் கிடைக்காது. கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச் நொடிக்கு சுமார் 1 மீட்டர் விடும். 2000 மீட்டர் போய்வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பாட்டிலை மூடுவது மேலே வரும்போதுதான். சட்டம் கீழ்த்தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வருவதால், ஒவ்வொரு ஆழத்திலும் அரை நிமிடமாவது நிறுத்தி, பாட்டில் அலசப்பட்டபின் மூட வேண்டும்.

டெக்கில் வந்ததும் காற்றுத் திருகைத் தொடாமல் குழாயை மட்டும் திறங்கள். தண்ணீர் தொடர்ந்து ஒழுகினால் பாட்டில் எங்கோ கசிகிறது, அதன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் விலகியிருக்கும்.

பிறகு பாட்டிலிலிருந்து சிறு சீசாக்களில் தண்ணீர் பிடிக்கும் வரிசை. கரைந்த வாயுக்கள் முதலில், அடுத்து ஊட்டச்சத்து, கடைசியில் உப்பு. பாட்டிலில் தண்ணீர் இறங்க இறங்க மேலே காற்று ஏறும் என்பதால்தான் இந்த வரிசை. அரபிக்கடலில் இந்த வரிசை தவறினால் விலை அதிகம். மேற்பரப்பில் லிட்டருக்கு 200 மைக்ரோமோல் அளவில் இருக்கும் ஆக்சிஜன், 150 மீட்டருக்குக் கீழே பல இடங்களில் 1 மைக்ரோமோலுக்கும் குறைந்து, 1000 மீட்டர் வரை ஏறக்குறைய அப்படியே கிடக்கும். 125 மில்லி சீசாவில் துவரை அளவு, அதாவது 0.1 மில்லி காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் லிட்டருக்கு சுமார் 7 மைக்ரோமோல் கூடிவிடும். இல்லாத ஆக்சிஜனை நாமே கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி.

ஆகவே ரப்பர் குழாயைக் குமிழி போகும்வரை விரலால் கிள்ளிவிட்டு, சீசாவின் அடிவரை நுழைத்து, மூன்று மடங்கு தண்ணீர் வழியவிடுங்கள். வழியும்போதே வெப்பநிலையை எழுதுங்கள். குழாயை மெதுவாக உருவி, மாங்கனீஸ் கரைசல் 1 மில்லி, அடுத்து கார அயோடைடு 1 மில்லி, இரண்டையும் தண்ணீருக்குள் முனையை அமிழ்த்தியே விடுங்கள். மூடியைச் சாய்த்து இறக்கி, 20 முறை கவிழ்த்துக் குலுக்குங்கள். வீழ்படிவு பாதி இறங்கியதும் இன்னொரு முறை. கரைந்த ஆக்சிஜனை அளக்க லாயோஷ் விங்க்ளர் 1888இல் சொன்ன முறை இது. இன்றும் கப்பலில் சென்சாரைச் சரிபார்ப்பது இதை வைத்துத்தான்.

சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் இருப்பதால் வீழ்படிவு நல்ல பழுப்பு. 300 மீட்டர் சீசாவில் அது அரிசிக் கஞ்சி போல வெள்ளையாகவே இறங்கும். அந்த வெள்ளை கலையாமல் இருந்தால் நீங்கள் தண்ணீர் பிடித்தது சரி. லேசாகப் பழுப்பு ஏறினால், நிஸ்கினில் மிச்சம் இருக்கும்போதே உடனே இன்னொரு சீசா பிடியுங்கள். அதனால் கடைசி உப்பு சீசா மூடும்வரை எவரும் நிஸ்கினைக் காலி செய்யக் கூடாது. எல்லாம் முடிந்தபின் மிச்சத்தைத் திறந்துவிட்டு, சட்டத்தை நல்ல தண்ணீரால் கழுவி, ஒழுகிய பாட்டிலின் ஓ-ரிங்கை அடுத்து தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, அதாவது அடுத்த ஸ்டேஷனுக்கு முன் மாற்றிவிடுங்கள்.