இரண்டிலிருந்து நான்கு: மகளின் டபுள் புரமோஷன்

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கவில்லை. இரண்டு முடித்ததும் நேராக நான்கு. 2024 ஜூனில் நடந்தது, திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில். அதற்கு முந்தைய அரை வருஷம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இதே யோசனையில் இருக்கும் பெற்றோர் அவ்வப்போது என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அவள் பிறந்தது 2016 ஆகஸ்ட். ஜூலை 31-க்குள் வயது பூர்த்தியாக வேண்டும் என்ற கணக்கால், வகுப்பிலேயே வயதில் மூத்தவர்களில் ஒருத்தி. எல்கேஜி சேர்ந்த வருஷம் கொரோனா. அண்ணன் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு போனில் ஆன்லைன் கிளாஸ் ஓடும்போது இவளும் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். கல்வித் தொலைக்காட்சியில் அவன் பாடம் வந்தால் அதையும் விடமாட்டாள். யாரும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் புத்தகங்கள் எல்லாமே அவளுக்குப் பழையவை.

ஒன்றாம் வகுப்பு எப்படியோ ஓடிவிட்டது. இரண்டில்தான் காலை நேரத்து வயிற்றுவலி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி. டைரியில் ‘பேசிக்கொண்டே இருக்கிறாள்’ என்று அடிக்கடி குறிப்பு வரும். இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று இருந்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு ஆசிரியை சொன்ன ஒரு விஷயம்தான் எங்களை உலுக்கியது. “தமிழ் வாசிப்பு சுமார்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறா.”

வீட்டில் அப்பாயிக்கு தினமும் செய்தித்தாள் வாசித்துக்காட்டுவது அவள்தான். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். “எல்லாரும் அப்படித்தானேம்மா வாசிக்கிறாங்க. நான் வேகமா வாசிச்சா மிஸ் இன்னும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வாங்க. அப்புறம் பக்கத்துல இருக்கிறவ என்கூட பேசமாட்டா” என்றாள். எழுத்துக்கூட்டி வாசிப்பது எப்படி என்று எனக்கு நடித்தும் காட்டினாள். ‘ம... ர... ம்... மரம்.’ ஒவ்வொரு எழுத்திலும் விரல் நின்று நின்று நகர்ந்தது. ஏழு வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்ததை மறைக்கப் பழகியிருக்கிறாள். இனி சும்மா இருக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

தலைமையாசிரியை மேடம் எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் பழைய கேள்வித்தாள்களைக் கொடுத்து, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பள்ளியிலேயே எழுதவைத்தார். கணக்கிலும் சூழ்நிலையியலிலும் குறையே இல்லை. தமிழில் இடறினாள். ல, ள, ழ மூன்றும் கலந்து கிடந்தன. ஐந்து வரியில் எழுது என்றால் இரண்டு வரியோடு நின்றுவிட்டாள். விடை தெரியாமல் இல்லை, கை ஓடவில்லை. வாயால் சொல்லச் சொன்னால் பத்து வரி சொல்கிறாள். மேடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “மூளை மூணாங்கிளாஸைத் தாண்டிடுச்சு, கை இன்னும் தாண்டல. ஒரு டெஸ்ட் பார்த்துட்டு வாங்க.”

டெஸ்ட் என்றால் மனநல உளவியலாளரிடம். நம் ஊரில் பெரும்பாலும் எடுப்பது பினே-காமத் சோதனை. தமிழிலேயே கேட்கிறார்கள். மூன்று வயதுக் கேள்வியிலிருந்து படிப்படியாக ஏறி, பிள்ளை எந்த வயதுக் கேள்வி வரைக்கும் போகிறாள் என்று பார்த்து அதை மனவயது என்கிறார்கள். மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ. அப்போது அவளுக்கு ஏழரை வயது. மனவயது பத்து என்று வந்தது. ஈவு 133.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதோடு சேர்த்து எடுத்த இன்னொரு அளவீடு. வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று பெயர். அதில் பிள்ளையிடம் பாடம் கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்கிறார்கள். தானாகக் குளிப்பாளா, தலை வாரிக்கொள்வாளா, தெருவில் தனியாகப் போய்வருவாளா, கடையில் சில்லறை வாங்கி வருவாளா என்று. அதில் அவள் சரியாக அவள் வயதில்தான் நின்றாள். பத்து வயது புத்தி, ஏழரை வயது கையும் பழக்கமும். “இது குறை இல்லைங்க. நான்காம் வகுப்பில் உட்கார்ந்தாலும் இவ ஏழு வயசுப் பிள்ளைதான்னு நீங்களும் டீச்சரும் மறக்காம இருக்கணும்” என்றார் அந்த உளவியலாளர்.

அவர்தான் அயோவா ஆக்சிலரேஷன் ஸ்கேல் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பிள்ளையை வகுப்பு தாண்டவிடலாமா என்று முடிவெடுக்கப் பயன்படுத்துவது. நான்கு விஷயத்தில் ஒன்று இருந்தாலும் தாண்டவிட வேண்டாம் என்கிறது அது. நுண்ணறிவு ஈவு 115-க்குக் கீழே இருப்பது. இப்போது இருக்கும் வகுப்பிலேயே உடன்பிறந்தவர் இருப்பது. போகப்போகும் வகுப்பில் உடன்பிறந்தவர் இருப்பது. பிள்ளைக்கே விருப்பம் இல்லாதது. நான்கில் இரண்டு அண்ணன் தங்கை பற்றியது என்பதைக் கவனியுங்கள். நம் சொந்தக்காரர்கள் யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது.

என் மகன் அப்போது நான்காம் வகுப்பு. இவள் தாண்டினாலும் அவனுக்கு ஒரு வகுப்பு கீழேதான் இருப்பாள். அந்த அளவுகோல்படி தடை இல்லை. ஆனாலும் அவனிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசில்லை. ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். “அப்ப அதுக்கு அடுத்த வருஷம் பாப்பா என் கிளாஸுக்கு வந்துடுமா?” என்று கேட்டான். வராது, இது ஒரு தடவைதான் என்றேன். “என் மார்க்கையும் அது மார்க்கையும் அப்பாயி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கக்கூடாது” என்றான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு பேருடைய ரேங்க் கார்டையும் ஒரே நாளில் கூடத்தில் பிரிப்பதில்லை என்று வீட்டில் எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிட்டோம். இன்றுவரை அப்படித்தான்.

மற்றவர்கள் சொன்னது பலவிதம். அப்பாயிக்குக் கண்ணு பட்டுவிடும் என்ற பயம். என் தாய்மாமா 1970-களில் கிராமப் பள்ளியில் டபுள் புரமோஷன் வாங்கியவர். அந்தக் காலத்தில் வாத்தியாரே பார்த்து ஏற்றிவிடுவார், பிறந்த தேதியையும் அதற்கேற்றபடி எழுதிவிடுவார். “படிப்புல ஒரு கஷ்டமும் இல்லம்மா. கபடி டீம்ல மட்டும் கடைசி வரைக்கும் சேர்க்கல” என்றார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் சின்னவளாக இருப்பதன் விலை விளையாட்டு மைதானத்தில்தான் முதலில் தெரியும்.

கணக்குக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்காரவைக்கலாமா என்றும் கேட்டுப்பார்த்தோம். ஆஸ்திரேலியக் கணித மேதை டெரன்ஸ் டாவ் சிறுவயதில் அப்படித்தான், சில பாடங்களுக்கு உயர்நிலைப் பள்ளிக்கும் மற்றவற்றுக்குத் தொடக்கப் பள்ளிக்கும் போனார். எங்கள் பள்ளியில் டைம்டேபிள் ஒத்துவரவில்லை.

என் கணவர் கவனித்துச் சொன்ன ஒன்றை எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீட் எழுத, சேரும் வருஷத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். 2024-இல் நான்காம் வகுப்பு என்றால் 2033-இல் பிளஸ் டூ முடிப்பாள். அந்த டிசம்பரில் இவளுக்கு 17 வயதும் நான்கு மாதமும். சரியாகிவிட்டது. இதே வகுப்பில் 2017 ஜூனில் பிறந்த பிள்ளை தாண்டினால் அப்போது பதினாறரைதான், ஒரு வருஷம் சும்மா காத்திருக்க வேண்டிவரும். டாக்டர் ஆகிறார்களோ இல்லையோ, ஏழு வயதில் அந்தக் கதவை நாம் சாத்திவிடக்கூடாது.

பிப்ரவரியிலிருந்து ஆண்டுத் தேர்வு வரைக்கும் அவளை மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் திரும்பி வரலாம் என்று மேடம் அவளிடமே சொன்னார். இந்த ஏற்பாட்டை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வேன். முதல் வாரம் அழுதாள். பழைய தோழிகள் இன்டர்வலில் இவளைச் சேர்க்கவில்லை, புது வகுப்பில் யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் போகிறாயா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் எலுமிச்சை சாதத்தைப் பங்கு போட்டதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். காலை வயிற்றுவலி எப்போது நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆண்டுத் தேர்வை மூன்றாம் வகுப்போடு எழுதினாள். தமிழில் மட்டும் மதிப்பெண் குறைவு.

காகித வேலை: எங்கள் ஒப்புதல் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், உளவியலாளர் அறிக்கை, மதிப்பெண்கள். எமிஸில் (மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவு) ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றுவது பள்ளியின் கையில் மட்டும் இல்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார் மேடம். அதைப் பள்ளியே பார்த்துக்கொண்டது. மே மாதம் முழுக்க எனக்குப் பதற்றம்தான்.

விடுமுறையில் பாடம் நடத்தவில்லை. கைக்குத்தான் வேலை. தினமும் அரைப் பக்கம் அவளுக்குப் பிடித்ததை எழுதுவாள். பல்லி, பஸ், காவிரியில் தண்ணீர் எப்போது வரும், எதுவானாலும் சரி. பிழையை நான் சிவப்பு மையில் திருத்தவில்லை. சரியான சொல்லை ஓரத்தில் எழுதிவைப்பேன், அவளே பார்த்துத் திருத்துவாள்.

ஜூன் 10-ஆம் தேதி பள்ளி திறந்தது. நான்காம் வகுப்பு முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருந்தது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆசிரியை அவளுக்கு மட்டும் நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி முடிக்கவிட்டார். இரண்டாம் பருவத்தில் அது தேவைப்படவில்லை. ஓட்டப்பந்தயத்தில் கடைசி. அதற்கு ஒரு நாள் அழுதாள், மறுநாள் மறந்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பழைய விஷயத்தை நானே கேட்டேன், எப்படி வாசிக்கிறாள் என்று. “வேகமா வாசிக்கிறா, கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்க” என்றார் ஆசிரியை.

நான்கு முடிவதற்குள் கணக்கில் அவளுக்கு மறுபடியும் பாடம் போதவில்லை. இன்னொரு தடவை தாண்டினால் அண்ணன் வகுப்பு. அவனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, அளவுகோலும் கூடாது என்கிறது. அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கணக்கு சார் மேல்வகுப்புக் கணக்குகளைத் தனி நோட்டில் கொடுக்கிறார், வகுப்பு வேலை முடிந்ததும் அவள் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.